அக்கா பிடுங்கிய ஒயர்

விஜயநகர் வீட்டு வாசலில் என் மகன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். ஈயம் உருகும் வாடை வந்ததும் எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று, கோபம் மட்டும் போகவில்லை.

அது மகாராஜா ஆண்ட காலம். அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் மோட்டார் சைக்கிள். ஒயரையெல்லாம் எலி கடித்து, விளக்கு எரியாமல் கிடந்தது. அப்பா கைவிட்டுவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டிருந்த சுசீலா அக்காதான், வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, குமுட்டியடுப்பில் இரும்புக் கம்பியைக் காய்ச்சி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, விரலெல்லாம் சுட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒயராக மாற்றினாள். விளக்கு எரிந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் கூடியவர்களிடம் அப்பா, "பெங்களூர்லேர்ந்து மெக்கானிக்கை வரவழைச்சேன்" என்றார்.

உள்ளேயிருந்து வந்த அக்கா, எல்லோரும் பார்க்க ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள்.

"அந்த மெக்கானிக்கையே கூப்பிட்டு மாட்டிக்கோங்கோப்பா."

அப்பா அவளை அறைந்தார். அவள் அழவில்லை.

"சுசீலாதான் பண்ணினாள்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, இப்பவே மாட்டித் தரேன்."

அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட, ஆசையாக வாங்கிய வண்டியை விற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.