கூரைமேல் கிடந்த வலை

புயல் எச்சரிக்கை என்று அலுவலகத்தில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பேருந்து அடையாறு பாலத்தில் நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. கீழே கரையில் ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடிசையும் அந்தக் கரையில்தான் இருந்தது. புயல் வந்தால் கீற்று பறக்காமலிருக்க நைனா மீன் வலையைக் கூரைமேல் விரித்துக் கட்டுவார். ஆனால் புதுத் தண்ணீர் வந்து மீன் திரளுவதும் அதே புயலில்தான். இருந்ததோ ஒரே வலை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு புயல். நைனா வலையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார்.

"இன்னாய்யா நீ, மீனா கூரையா, ஒண்ணு சொல்லு!" என்று அம்மா கத்தினாள்.

நைனா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு, போவட்டா, வோணாவா?"

மதியம் கூடை நிறைய கெண்டையோடு அவர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அரிசிப் பானையில் மழைத் தண்ணீர் நின்றது. அம்மா நனைந்துகொண்டே மீன் கழுவினாள்.

"கொயந்த வோணான்னுதான் சொல்லிச்சு, நான்தான் கேக்கல," என்றார் நைனா. சாகும்வரை அதையேதான் சொன்னார். எனக்கோ "மீனு" என்று நான் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. உண்மையிலேயே கத்தினேனா, அந்த மீனை ஆசையாகத் தின்ற உறுத்தலில் பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா? அம்மாவைக் கேட்டால், "இப்ப அது இன்னாத்துக்கு?" என்கிறாள்.

கரையில் நின்றவர் பாலத்தை நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.