இடுப்பு உயரக் கௌரவம்

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் சமுதாயக் கூடம் கட்டப் போகிறார்கள் என்றதும், அதற்குப் படம் வரையும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பெங்களூரு ஆபீஸ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைகிறவள். ஹால் கமிட்டிக்கு என் அப்பா தலைவர். பிறகு என்ன? "எம் பொண்ணு போட்டுக் குடுத்துடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடமே சொன்னார்.

குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் என் கால்களை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து நாற்காலி, இப்போது சக்கர நாற்காலி. இதைச் சொன்னால் உடனே 'உச்' கொட்டுவார்கள். எங்கள் ஊரில் 'உச்'சுக்குப் பஞ்சமே கிடையாது. சக்கரம் உருளுகிற மாதிரி ஒரு வாசலுக்குத்தான் பஞ்சம்.

போதாததற்கு எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு, எதையும் தூக்கிவிடுவோம் என்று. தங்கச் சுரங்கத்துக்குள் மரமும் பாறையும் தூக்கிய வம்சம். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த வீறாப்பை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. பாங்க்கோ ஓட்டுச்சாவடியோ, எங்கே படி இருந்தாலும் நாலு பேர் ஓடி வந்து என்னைத் தூக்குவார்கள். என்னைக் கேட்கமாட்டார்கள். பீரோவைக் கேட்டுவிட்டா தூக்குகிறோம்? "லெஃப்ட்ல சாய்க்காத மச்சான்" என்று என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். புடவை ஒதுங்கும். ஒரு கை, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும். தெரியாமல் பட்டதா, தெரிந்தே பட்டதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என்னை இறக்கிவிட்டு, புண்ணியம் சேர்ந்த முகத்தோடு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் நன்றி சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியும் இருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்த நாட்களில்தான். அவர் பேத்தமங்களாவில் பள்ளிக்கூட வாத்தியார். ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் கல்யாணம், ஹாலில் ரிசப்ஷன். புது ஹாலில் நடக்கிற முதல் விசேஷம் தன் பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. என் ரிசப்ஷனுக்கு நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, யார் கையும் மேலே படாமல், முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மற்றப் பெண்கள் ஆசைப்படாமலே செய்கிற காரியம்.

அதனால் ஹாலைத் தரையோடு தரையாக வரைந்தேன். மழைத்தண்ணீர் உள்ளே வராத அளவுக்கு முற்றத்தையே மெல்லச் சரித்துக் கொண்டுவந்து வாசலில் சேர்த்தேன். அகலமான கதவு, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் கழிப்பறை, மேடைக்கும் ஒரு சரிவு. பார்க்கிறவனுக்கு இது யாருக்காகச் செய்தது என்றே தெரியாது. அதுதான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த செகரட்டரி மாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, படியே காணோம்?"

"படி இல்ல மாமா. தரையோட தரையா கீது."

"தரையோட கட்றதுக்கு இது இன்னா மாட்டுக் கொட்டாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைகளின் கிளப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எங்கப்பன் அந்தக் கிளப்புப் படியில கால் வச்சதே இல்ல. பின்னால சமையக்கட்டு வாசல்ல நிக்க வச்சுதான் பேசுவானுங்க. நம்ம ஹாலுக்கு அதே மாரி படி வேணும், இடுப்பு ஒசரத்துக்கு. நம்ம ஜனங்க நிமிந்து ஏறணும்."

முன்னறையே கண் கலங்கியது. பொய் சொல்வானேன், எனக்கும்தான். பிறகு அந்த நிமிர்ந்து ஏறப்போகிற ஜனங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அப்பாவுக்கு நெஞ்சு நிறைய சுரங்கத் தூசி. ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வழியில் நின்று நின்று மூச்சு வாங்குவார். செகரட்டரி மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். இன்னொருவருக்குச் சர்க்கரையில் விரல் போய்விட்டது. ஆனால் இவர்கள் கணக்கில் ஊரிலேயே மாற்றுத்திறனாளி நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் 'கொஞ்சம் மூச்சு வாங்கும்', அவ்வளவே. துரை ஏறிய படியில் இவர்களும் ஏற வேண்டுமாம். துரைக்கு நுரையீரல் முழுசாக இருந்தது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"நான் எப்டி நைனா ஏறுவேன்?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"நாங்க இல்ல? பல்லக்கு மாரி தூக்கிகினு போவோம்."

"நாலு பேரு தூக்கிகினு போறது சாமிய. இல்லாட்டி பொணத்த. நான் ரெண்டும் இல்ல."

செகரட்டரி மாமாதான் சமாதானத்துக்கு வந்தார். "கோவிச்சிக்காத பாப்பா. பின்னால சமையக்கட்டுப் பக்கம் ஒனக்குன்னு ஒரு சரிவு போட்டுடலாம்." பாத்திரம் கழுவுகிற குழாய்க்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவிலாம். இடுப்பு உயரத்துக்குச் சரிவு போட வேண்டுமானால் அந்தப் பின்சுவரைத் தாண்டி அடுத்த லைன்வரை போகும் என்று விளக்கினேன். அவர்கள் மனதில் இருந்த சரிவில் ஆடு ஏறினால்கூட வழுக்கும்.

அப்பாவைப் பார்த்து ஒன்றுதான் கேட்டேன். "தாத்தா நின்னாரே, அதே சமையக்கட்டு வாசல்தான நைனா எனக்கு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். புரியவில்லை போலும் என்று முதலில் நினைத்தேன். நன்றாகவே புரிந்திருந்தது. பிடிக்கவில்லை, அதுதான் விஷயம்.

ஹால் எழும்பியது. என் படத்தில் மிஞ்சியது ஜன்னல்கள் மட்டும். முன்னால் இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று மெருகேற்றிய கருங்கல் படிகள். முகம் பார்க்கலாம், மழை பெய்தால் மூக்கையும் உடைத்துக்கொள்ளலாம். கைப்பிடி கிடையாது, போட்டோவில் அசிங்கமாக விழுமாம். கழிப்பறைக் கதவு, ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். இருந்தும் திறப்பு விழாவில் பேசின எல்லோரும் இது அனைவருக்குமான கூடம் என்றார்கள். நான் கீழே வேப்பமரத்தடியில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்டேன். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது.

கல்யாணத்துக்கு முன்பே அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "எம்மேல யாரும் கை வைக்கக் கூடாது. நானா வர முடிஞ்சா வர்றேன். இல்லாட்டி கீழயே இருப்பேன்."

"அன்னிக்குப் பாத்துக்கலாம்மா" என்றார்.

இந்த நாட்டில் என்னைப் போன்றவர்களை நினைக்காமல் கட்டப்பட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நிற்கிறது. அன்றைக்கு எப்படியாவது வளைந்துவிடுவாள், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கமாட்டாள் என்ற நம்பிக்கை. அதுவரை நானும் அப்படித்தானே வளைந்து வந்திருக்கிறேன்.

சர்ச்சில் இருந்தது ஒரே ஒரு படி. அங்கே ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். ஏறினேன், மோதிரம் மாற்றிக்கொண்டேன், இறங்கினேன். எந்தக் கமிட்டியும் கூடவில்லை. ஹாலுக்கு வந்து காரிலிருந்து நாற்காலிக்கு மாறினால், படியடியில் நாலு பையன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறார்கள். உச்சியில் கையில் மாலையோடு அப்பா. சர்ச்சிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து ஏறிவிட்டிருந்தார், ஏறின களைப்பு அந்த நேரத்திலும் முகத்தில் இருந்தது.

"வேணாம்" என்றேன்.

"ஒரே நிமிஷம்தான் அக்கா."

"வேணாம்னா வேணாம். தள்ளுங்க."

ஆளுக்கு ஆள் கெஞ்சினார்கள். நல்ல நாளும் அதுவுமா என்றார்கள். மேலே மேடை ஜோடிச்சிருக்குது என்றார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்தில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை உருவி, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆளைக் கட்டிக்கொண்டது தப்பில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்தது.

அடுத்து உட்கார்ந்தது செகரட்டரி மாமா. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். அன்றைக்கு அந்தக் குதிரை யாரென்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. படியைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த முட்டிவலிக்காரர்கள், இளைப்புக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் "பொண்ணு மாப்ள இங்கதான கீறாங்க" என்று நிம்மதியாக முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிரியாணி அண்டாவும் கீழே இறங்கியது. மேலே ஜோடித்த மேடையும், வாடகைக்கு எடுத்த சிம்மாசனமும், அப்பாவும் மட்டும்.

அவர் வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு இறங்க ஆரம்பித்தார். பாதிப் படியில் மூச்சு இழுத்துக்கொண்டது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். மடித்துவிட்ட சட்டைக் கைகளோடு அந்த நாலு பையன்களும் பாய்ந்து ஓடி அவர் கக்கத்தில் கை கொடுத்தார்கள்.

"கைய எடுங்கடா!"

அப்பாவின் அந்தக் குரலுக்கு நான்கு பேரும் விலகிவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் சொல்லி ஒருத்தனும் அப்படி விலகினதில்லை.

நாற்காலியை உருட்டிக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் போனேன். அதற்கு மேல் என்னால் போக முடியாது. அவர் மாலையை நீட்டினார். எட்டவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கிப் போட எழுந்தார். வேண்டாம் என்று அப்பா தலையாட்டினார். உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு படி நகர்ந்தார். வெள்ளை வேட்டியோடு, ஊரே பார்க்க, பிறகு இன்னொரு படி. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசிப் படிக்கு வந்து என் கழுத்தில் மாலையைப் போட்டார். பேச மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"கடைசில நீ மேல வந்துடுவேன்னு நெனச்சேன்மா."

"நானும் உள்ள வந்துடுவேன்னு நெனச்சுதான் நைனா வரைஞ்சு குடுத்தேன்" என்றேன்.