தைலக் கடையில் நரம்பு வளர்ச்சிக் காரணி

ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருந்த தைலக் கடையின் பலகையில் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி நிறைந்தது’ என்று எழுதியிருந்தது. ஆய்வகத்தில் இத்தனை வருடமாக அந்தப் புரதத்தோடுதான் என் பிழைப்பு. மூளை தனக்குத்தானே சுரந்துகொள்வது அது. இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸில் அது வந்து ஒட்டினால், செல்லுக்குள் சும்மா கிடக்கும் புரதங்கள் ஒன்றையொன்று உசுப்பிவிடும், சந்திப்பு கெட்டிப்படும். ஞாபகம் தங்குவது அப்படித்தான் என்று அத்தானிடமும் ஒருமுறை சொல்லியிருந்தேன். அதைப் புட்டியில் அடைத்து உச்சந்தலையில் தேய்த்தால் மண்டை ஓட்டைத் தாண்டி இறங்குமாம். சீ, இதெல்லாம் ஒரு வியாபாரம்.

என் அக்காவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. தென்காசி டாக்டர் கொடுத்த மாத்திரை நோயைத் தீர்க்காது. சரிவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டவரைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தான் நிறுத்திவிட்டார். தைலம் தேய்க்கிற ஒரு மண்டலமும் இங்கிலீஷ் மருந்து ஆகாது, இந்தக் கடைக்காரர் சொன்ன பத்தியமாம். அன்றிலிருந்து அக்கா வாயே திறக்கவில்லை.

“நீ சொன்னதத்தான அண்ணாச்சியும் சொல்லுதாரு,” என்று கடைக்காரரைக் காட்டினார் அத்தான். “தைலம் உள்ள எறங்கி, அருவி மேல அடிச்சா அந்தச் சத்து ஊறுமாம்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல அத்தான். மொதல்ல மாத்திரையக் குடுங்க.”

“இங்கன வச்சு சண்ட போடாத. எனக்கு அவ திரும்பக் கிடைக்கணும்.”

அவர் குரல் உடைந்தது. கடைக்காரர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடி தலையாட்டினார். அந்த எண்ணெய் வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பெண்கள் குளிக்கும் பக்கம் அத்தான் வர முடியாது. கடைக்காரரின் மனைவிதான் எண்ணெய் சொட்டச் சொட்ட அக்காவை இழுத்துப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். காலடியில் ஷாம்பு பாக்கெட்டுகள், யாரோ கழற்றிப் போட்ட உள்ளாடை, ஒரே பிசுபிசுப்பு. அவள் அக்காவின் பிடரியைப் பிடித்து அருவிக்குள் அமுக்கினாள். அக்கா மூச்சுத் திணறிக் கைகளை உதறினாள். நான் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு அக்காவை வெளியே கொண்டுவந்தேன்.

அத்தான் துண்டோடு நின்றார். அக்கா நடுங்கியபடி என் முகத்தையே பார்த்தாள்.

“ஏட்டி, நீ யாரு வீட்டுப் பிள்ள? தொணைக்கு ஆரும் வரலியா?”

அத்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தியா, பேசிட்டா,” என்றார். “இனி மாத்திரை எதுக்கு?”