ராஜாவுக்கு இரவல் கொடுத்த வில்

1. என் வில்

ரோஸ் ஹில்லில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் கவுண்டரில் விற்பனைப் பெண்ணாக நான் நிற்கத் தொடங்கிய வாரமே வேலை போகப் பார்த்தது. எங்கள் தீவு சுதந்திரம் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த கதை. இன்று கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

கடையில் இரண்டு வகை வில் இருந்தன. ஒன்று, ஒரே மரத்தில் இழைத்த பழைய வில். புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. மற்றது இங்கிலாந்திலிருந்து வந்த ரிகர்வ். மரமும் ஃபைபர் கிளாஸும் அடுக்கி ஒட்டி, நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும். கரும்புத் தோட்டத்துத் துரைகள் தங்கள் கிளப்பில் வட்டப் பலகையைக் குறிபார்த்து அடிக்க அதைக் கேட்பார்கள். மான் வேட்டைக்கு ஆகுமா என்றார் ஒரு துரை. மான் அசையாமல் நிற்கச் சம்மதித்தால் ஆகும் என்றார் எங்கள் முதலாளி மிஸ்யே லூயி.

முதலாளியின் கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரித் தச்சர். அதை நினைவூட்டினால் இவருக்குக் காது கேட்காது. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது என்று பெருமையாகச் சொல்வார்.

அன்று லாங் மவுண்டன் கிராமத்திலிருந்து சின்னையா என்ற பஸ் கண்டக்டர் வந்தார். கோயில் நாடகத்தில் அவர்தான் ராஜா. அவருடைய மூங்கில் வில் ஒத்திகையில் முறிந்துவிட்டது.

"மோ பிஸேன் என் வில், மிஸ்யே."

ஒரு வில் வேண்டும் என்கிறார். ஆனால் தீவின் பொதுப்பேச்சான கிரியோலில் 'என் வில்' என்றால் ஒரு டவுன். வில்லுக்கு 'லார்க்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"டவுனா? டவுனில்தானே நிற்கிறீர்!" என்றார் முதலாளி, கிரியோலில்.

நான் சுவரைக் காட்டினேன். சின்னையாவின் கண் ரிகர்வில் போய் ஒட்டிக்கொண்டது. துரைகள் விலை கேட்டதோடு சரி, விற்காமல் கிடந்த வில். ஊர் பார்க்கட்டும் என்று முதலாளி அதை இரவல் கொடுத்தார். காவலுக்கு என்னை அனுப்பினார்.

"லார்க் காஸே, லெந்தி பா வினி," என்றார். வில் உடைந்தால் திங்கட்கிழமை வராதே.

2. விடாதே

நாடகம் ஞாயிறு பிற்பகல். திரைக்குப் பின்னால் ராஜாவைப் பிடித்தேன்.

"அண்ணே, அம்பு வைக்காம இழுத்து விடாதீங்க. அம்புக்குப் போற வேகம் வில்லுக்கே திரும்பும். பொளந்துடும்."

"கயிறு டங்குனு சொல்லணும், மாம்செல். இல்லேன்னா ராஜா எங்கே? கண்டக்டர்தான்."

"என் வேலை போயிடும், அண்ணே."

"கோரெக், கோரெக்," என்றார். சரி, சரி என்று அர்த்தம்.

அசுரன் வந்து மார்தட்டியதும் கோரெக் காற்றில் போனது. ராஜா நாணைக் காதுவரை இழுத்தார். அம்பு இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து அலறினேன்:

"விடாதே! விடாதே!"

அசுரனை விடாதே என்று யாரோ சொல்வதாக ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் மறந்த வீடுகளிலும் அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு கனத்த குரல் முதலில் பிடித்துக்கொண்டது. பிறகு கோயில் வெளி முழுக்க, "விடாதே! விடாதே!"

ராஜாவுக்கு மட்டும் என் அர்த்தம் புரிந்தது. விடவும் முடியவில்லை, பிடித்து நிற்கவும் முடியவில்லை. கிரீடம் மூக்குக்கு இறங்கியது. சாகக் காத்திருந்த அசுரன் பொறுமை இழந்தான்.

"இருங்க அண்ணே, நானே சாவுறேன்," என்று தொப்பென்று விழுந்தான்.

ஒரே கைதட்டல். அந்தச் சத்தத்தில் ராஜா நாணை மெதுவாகத் தளர்த்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வில்லை முதலாளியின் மேசையில் வைத்தேன். விரிசல் இருக்கிறதா என்று நுனிக்கு நுனி தடவிப் பார்த்தார். இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது.

"மிஸ்யே, நேத்து லாங் மவுண்டன் பக்கம் வந்தீங்களா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"நோன்," இல்லை என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

அந்த வாரத்தில் கற்றதை ஓய்வு பெறும்வரை நான் விடவில்லை. வில் கேட்டு வருகிறவரிடம் எய்யவா, காட்டவா என்று முதலில் கேளுங்கள். தமிழே தெரியாது என்கிறவரிடம், தொண்டை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.