கயிற்றை இழுப்பதற்கு முன்

சுரங்கத்தில் முப்பது வருஷம் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் தனியாக இருக்கிறேன். துபாய்க்குப் போன மகன், நைட்ரோ எரிபொருளில் ஓடும் தன் ரிமோட் பொம்மைக் காரை என்னிடம் விட்டுச் சென்றான். வாரம் ஒருமுறை போனில், "கார் ஓடுதாப்பா?" என்பான். "நல்லா ஓடுது" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் எங்கள் ஊர் பாலகாட் மைதானத்தில் ஓட்டும்போது கார் குட்டையில் விழுந்து நின்றது. சுரங்கக் குழியான ஷாஃப்டில் தண்ணீர் ஏறினால் ஒரு நொடி தாமதிக்காமல் பம்பைப் போட்டுப் பழகிய கை இது. காரை எடுத்த வேகத்தில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். பாதியில் இறுகிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுக்கப் போனேன்.

அந்தப் பக்கம் வந்த பைக் மெக்கானிக் ஒருவர் தடுத்தார். "இன்னாண்ணா பண்றீங்க? இன்ஜின் உள்ள தண்ணி நிக்குது. இழுத்தா ராடு வளைஞ்சிடும். மொதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க."

கழற்றி, காரைக் கவிழ்த்து மெதுவாக இழுத்ததும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஈரம் போனபின் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பிளக்கை மாட்டினோம். நாலாவது இழுப்பில் கிளம்பியது.

அந்த வாரம் இதை மகனிடம் சொன்னேன். கேள்வி மேல் கேள்வியாக இருபது நிமிஷம் பேசினான்.

இப்போது கார் நனைந்தால் பிளக்கைக் கழற்றாமல் கயிற்றைத் தொடுவதில்லை. போனில் "நல்லா ஓடுது" என்றும் சொல்வதில்லை. சொல்வதற்கு ஏதாவது ஒரு கோளாறை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.