அம்மாவுக்கு வந்தது எனக்கும்

போன வருடம் ஒரு மழை நாளில், பதினான்கு பெண்களை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் பதிமூன்று பேரோடு திரும்பி வந்தேன். ஒருத்தரை மலையிலேயே விட்டுவிட்டேன்.

குமுளியில் இருபத்தாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடியும்போதே பஸ்ஸில் மலையேறி வரும் பெண்கள் கேரள எல்லை செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்து வருவார்கள். அவர்களை ஏற்றிப்போய் ஆனைக்கரைக்கு மேலே உள்ள தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். காய் எடுத்து முடித்ததும் சாயங்காலம் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

அன்று காலையில் அவர்களில் மூத்தவர், அறுபதைத் தாண்டியவர், எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, முட்டி வலி தாங்கல. இன்னைக்கு எனக்கு மேல காய் உணத்துற ஸ்டோர்ல வேல. சாயங்காலம் என்னால எறங்கி நடந்து வர முடியாது. வண்டிய மேல கொண்டாந்து ஏத்திக்கிறியா?" என்று கேட்டாராம். "சரிக்கா" என்று நான் சொன்னேனாம். மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவர் கேட்டதும் நான் பதில் சொன்னதும் இன்றுவரை எனக்குள் இல்லை.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அக்காவ எங்கண்ணே காணோம்?"

"அது அப்பவே வேற வண்டியில போயிருச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. வேறு வண்டி எதுவும் வரவுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணால் பார்த்ததுபோல அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். மறந்ததைவிட அதுதான் இப்போதும் என்னை நடுங்க வைக்கிறது.

ஏழு மணிக்கு அவருடைய மகன் போன் செய்தான். "எங்கம்மா இன்னும் வீட்டுக்கு வரலண்ணே." மழையோடு திரும்ப மேலே ஓட்டினேன். ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாசற்படியில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் சுருண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வெளிச்சம் பட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் தூக்கி உட்கார வைத்தேன்.

"உன் வண்டிச் சத்தம் கீழ கேட்டுச்சு தம்பி. திரும்பிப் போற சத்தமும் கேட்டுச்சு. கூப்புட்டுப் பாத்தேன். மழையில உனக்குக் கேக்கல. அப்புறம் அந்தப் பக்கம் காட்டுமாடு கத்த ஆரம்பிச்சிருச்சு." பல் கிட்டிப்போய் அவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

"வண்டி ரிப்பேர் ஆயிருச்சுக்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடலூரில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மலை ஏறும்போது, பாதியில் வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அம்மாவுக்கு ஐம்பத்து மூன்றில் ஆரம்பித்தது. அம்மாவின் அண்ணனுக்கு ஐம்பத்தைந்தில்.

அம்மாவும் இதே மலையில் காய் எடுத்தவர். விளைந்த காய் எது, பிஞ்சு எது என்று விரல் பட்டாலே தெரிந்தவர், ஒரு நாள் செடியிலிருந்த பூவையெல்லாம் உருவிக் கூடையில் நிரப்பிக்கொண்டு வந்தார். சூப்பர்வைசர் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம். இது ஒரு நோய், இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள். கோயில் கோயிலாகக் கூட்டிப் போனோம், மந்திரித்த கயிறு கட்டினோம். கடைசியில் வாயில் ஊட்டிய கஞ்சியை விழுங்க வேண்டும் என்பதையே மறந்து போய்ச் சேர்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். குமுளிக் கடைவீதியில் ஏலக்காய், மிளகு பாக்கெட் போடும் கடையில் அவளுக்கு வேலை. எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள்.

"எனக்குத் தீவாளியிலருந்தே தெரியுங்க" என்றாள். "ஒரே கதைய ஒரே சாப்பாட்டுக்குள்ள ரெண்டு தடவ சொல்றீங்க. நம்ம தெருமுக்குல நின்னு எந்தப் பக்கம்னு யோசிக்கிறீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நெசமாயிருமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

கோட்டயத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவியோடு மகளும் வந்தாள். தேக்கடியில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்ப்பவள், மலையாளம் தண்ணீர்பட்டபாடு. இருபத்து மூன்று வயது. ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு இளவயது டாக்டரம்மா ஒருவர் எதிரில் உட்கார்ந்து மலையாளத்தில் ஐந்து வார்த்தைகள் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஒன்றுகூட வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மலையாளத்தில் கேட்டால் எப்படி வரும்? நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். கோளாறு மொழியில்தான், என் மண்டையில் இல்லை. இருபத்தாறு வருடம் மலையாளிகளோடு வண்டி ஓட்டியவன் என்பதை அந்த நிமிடம் வசதியாக ஒதுக்கி வைத்துவிட்டேன். "பாஷை தெரியலம்மா" என்றேன்.

டாக்டரம்மா மகளைப் பார்த்தார். தமிழில் வேறு ஐந்து வார்த்தைகளை ஒரு தாளில் எழுதச்சொல்லி, அதை அவளையே வாசிக்கச் சொன்னார். கிணறு, செருப்பு, தேங்காய், ரயில், மஞ்சள். இப்போது அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் ஒவ்வொன்றாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நானும் கூடவே சொன்னேன். பத்து நிமிடம் கழிந்தது.

"இப்பச் சொல்லுங்கப்பா."

குனிந்து தரையைப் பார்த்தேன். "செருப்பு" என்றேன். அது நினைவில் வந்ததா, டாக்டரம்மாவின் காலில் பார்த்ததா என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்தியபோது மகள் அந்தத் தாளை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு இன்னொரு தடவை போனோம். அன்றுதான் டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். மறதி நோயில் சின்ன வயதிலேயே வரும் வகை என்றார். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. இனி வண்டி ஓட்டவே கூடாது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மகள்தான் கேட்டாள்.

"எனக்கும் வருமா டாக்டர்?"

என் மனைவி சட்டென்று அவள் தொடையைப் பிடித்து அழுத்தினாள், கேட்காதே என்பதுபோல. சில குடும்பங்களில் இது பிறப்போடு வரும், அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவளாக இருக்க முடியாது, யோசித்துச் செய் என்றார்.

மறுநாள் காலையில் ஜீப் இல்லாமல் செக்போஸ்ட்டுக்கு நடந்து போனேன். இனி வேறு டிரைவர் வருவார் என்று பெண்களிடம் சொன்னேன். மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு வண்டி ரிப்பேர் ஆகல. நான் மறந்துட்டேன்."

"உங்கம்மாகூட நான் காய் எடுத்திருக்கேன் தம்பி" என்றார் அவர். "அன்னைக்கு வெளிச்சத்துல உன் மூஞ்சியப் பாத்தேன். அப்படியே அவ மூஞ்சி."

"அதுக்கப்புறமும் என் வண்டியிலதானக்கா ஏறினீங்க?"

"வேற வண்டி ஏது? ஒவ்வொரு வளைவுக்கும் கம்பியப் புடிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

பதினான்கு உயிரை ஏற்றிக்கொண்டு எத்தனை நாள் அந்த வளைவுகளில் ஓட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் போகாமல், வண்டி ஹாரன் அடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அந்த வாரத்தில்தான் என் மனைவியிடம் ஒன்றைச் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாதது. கைக்குழந்தையாக இருந்த மகளை அவள் ஊசி போடக் கம்பத்துக்குத் தூக்கிப் போன ஒரு நாள், எனக்கு அவசரச் சவாரி வந்தது. அம்மா அப்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு காட்டுப்பக்கம் நடந்துவிடுவார். அவருடைய சேலையாலேயே அவர் கையைக் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போனேன். மூன்று மணி நேரம். திரும்பி வந்து அவிழ்த்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க யாரு ராசா? நல்லா இருப்பீங்க" என்று கும்பிட்டார்.

மனைவி எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அத்தை மணிக்கட்டு செவந்திருந்துச்சு. பூச்சிக்கடின்னு நெனச்சு மஞ்சப் பத்துப் போட்டேன்" என்றாள், திரும்பாமல்.

"என்னையும் நீ கட்டிப் போட்டுருவியா?"

"தெரியலங்க" என்றாள். "மாட்டேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு. ஆனா அத்தைய நானுந்தான பாத்துக்கிட்டேன். என்னால முடியாமப் போற அன்னைக்கு என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு." பிறகு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். சமைக்கிறேன், சட்டைப்பையில் மகளின் போன் நம்பரோடு கடைவீதிவரை போய் வருகிறேன். நல்ல நாட்களில் இதை எழுதுகிறேன். எழுதியதை மகள் வாசித்து, இரண்டு தடவை வந்ததை அடித்துக் கொடுக்கிறாள்.

இரண்டு மாதம் முன்பு, வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் அவள் எதையோ தேடினாள். அலமாரி, படுக்கை, குளியலறை. "என்னத்தைம்மா தேடுற?" என்றேன். "போனை" என்றாள். போன் அவள் கையில் இருந்தது.

என் கண் அந்தக் கையிலேயே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அப்பா, அப்படிப் பாக்காதீங்க. எல்லாரும் இப்படித் தேடுவாங்க. எங்கூட வேல பாக்குற எல்லாரும் தேடுவாங்க."

"ஆமாம்மா. நானும் உன் வயசுல சாவியக் கையில வச்சுக்கிட்டே தேடியிருக்கேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வந்ததும், ரத்தம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அவள் அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினாள். போன வாரம் நான்தான் துணைக்குப் போனேன். சரியாகச் சொன்னால், அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னேன். "முடிவு எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லாதம்மா."

"சொன்னாலும் நீங்க மறந்துருவீங்களேப்பா" என்றாள்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.