கேபிள் டீச்சரின் திருத்தச் சீட்டு

கேபிள் டீச்சர் கைப்பையில் எப்போதும் ஒரு முழம் நீல நிற ஒயர் வைத்திருப்பார். அதனால் வந்த பெயர் அது. வகுப்பில் யாராவது கண்ணயர்ந்தால் அந்த ஒயரால் மேசையில் ஒரு தட்டு தட்டி, கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் எட்டு நரம்புகளையும் பிரித்து நிற வரிசையில் அடுக்கச் சொல்வாராம். அடுக்கி முடிப்பதற்குள் தூக்கம் ஊரைவிட்டே ஓடிப்போகும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். நான் அவரிடம் படித்தவன் இல்லை. அவர் எழுதிய கணினி வலையமைப்புப் பாடநூலைப் படித்தவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தில் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, அதே புத்தகத்தின் புதிய பதிப்புக்குத் தொழில்நுட்பப் பிழை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே தெரு முழுக்க, "எம் மவன் இப்ப புத்தகத்துக்கே மார்க் போடுறான்" என்று சொல்லி முடித்திருந்தார். நான் மறுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

முதல் ஏழு அத்தியாயங்களில் பழசாகிப் போன செய்திகள் மட்டுமே இருந்தன. இப்போது யாரும் வாங்காத கருவிகள், பாதுகாப்பில்லை என்று கைவிட்டுவிட்ட பூட்டு முறைகள். அது காலத்தின் குற்றம். கடைசி இரண்டு அத்தியாயங்கள்தான் என்னைத் திகைக்க வைத்தன. எண்கள் இடம் மாறியிருந்தன. ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழ். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முகவரிகளைப் பிரிக்கும் கணக்கில் இருந்தது. ஒரு தெருவில் அறுபத்து நான்கு கதவு எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் தெருவுக்கே பெயராகப் போய்விடும். கடைசி எண், தெருவில் உள்ள எல்லோரையும் ஒரே குரலில் கூப்பிடுவதற்கு. குடியிருக்க மிஞ்சுவது அறுபத்திரண்டு. கணினி வலையிலும் அதே கதைதான். ஆனால் புத்தகம், 64 கணினிகளை இணைக்கலாம் என்றது. அதை நம்பி ஆய்வகத்தில் எண் கொடுத்த மாணவர்கள், முதல் எண்ணும் கடைசி எண்ணும் வாங்கிய இரண்டு கணினிகள் ஏன் பேச மறுக்கின்றன என்று மண்டையைக் குடைந்திருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் முறையிட, பாடத்திட்டக் குழு பதிப்பகத்திடம் விளக்கம் கேட்டுவிட்டது. பிழை நூலாசிரியருடையது என்றால் புத்தகம் பட்டியலிலிருந்து இறங்கும். மெய்ப்புப் பார்த்ததில் விட்டுப்போனது என்றால், திருத்தச் சீட்டு ஒட்டிக்கொண்டு தொடரலாம்.

பதிப்பாளர் என் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா தம்பி? ஏழு அத்தியாயத்துல ஒரு எண்கூட மாறல. கடைசி ரெண்டுல கொட்டிக் கெடக்கு. மெய்ப்பு பாத்தது டீச்சரோட வீட்டுக்காரர். அப்போ அவரு படுத்த படுக்கை. பாவம், மனுஷனுக்குக் கவனம் எங்க இருந்திருக்கும்?"

"டைப் அடிச்சவர் தப்புன்னு போடலாமே சார்?"

"அடிக்கறவன் தப்பா அடிப்பான்னுதானே ஒரு ஆள் மெய்ப்பு பாக்குறது? போனவர் மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்ல. புதுப் பதிப்புல அவர் பேரையும் எடுத்துடுவோம். மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

எந்தப் பிழை மூலப்படியிலிருந்து வந்தது, எது அச்சில் புகுந்தது என்று பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் நீள மேசை. ஒயர் முனையில் பிளக் பொருத்தும் இடுக்கி, திருகாணிகள் நிறைந்த பிஸ்கட் டப்பா, ஜன்னலை ஒட்டி கைவைத்த நாற்காலி ஒன்று. அதில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம் தம்பி, ஒரு கால் ஆடும்" என்றார். ஆடியதாக எனக்குத் தெரியவில்லை. வேறு நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

அவர் கணவர் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தவர். வலையமைப்பு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. ஆனால் மனைவியின் புத்தகத்தை மெய்ப்புப் பார்த்தது அவர்தான். அவர் அச்சுத்தாளை உரக்கப் படிப்பார். டீச்சர் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பார். கால்புள்ளி, முற்றுப்புள்ளியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் படித்துப் பழகியதில், வீட்டுப் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டதாம்.

"சாப்பிட வாங்கன்னா, 'வர்றேன் முற்றுப்புள்ளி'ம்பாரு. கோவம்னா 'வரல ஆச்சரியக்குறி'. ஒரு தடவை நானே திருத்தி வாசிங்களேன்னு சொன்னேன். 'மீட்டர்ல என்ன இருக்கோ அத எழுதறவன் நான். என்ன இருக்கணும்னு எழுதினா சீட்டு கிழிஞ்சிரும்'னாரு."

கடைசி இரண்டு அத்தியாயங்களின் மெய்ப்பு வந்தபோது அவர் படுக்கையில். பார்வையும் மங்கிவிட்டது, மூச்சும் வாங்கியது. உரக்கப் படிக்க முடியவில்லை. வேறு ஆளிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. டீச்சர் மூலப்படியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவர் மடியில் வைத்தார். வேலையை மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் அச்சுத்தாளைப் படிக்க, அவர் மூலப்படியோடு ஒத்துப் பார்த்தார். புத்தகம் கட்டி வந்தபோது அவர் இல்லை. முகப்புத் தாளுக்குப் பின்பக்கம், 'மெய்ப்பு' என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. அவர் பெயர் அச்சேறிய ஒரே இடம் அது.

"அந்தப் பெயரை எடுக்க நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா மேடம்?"

"சொல்லல. மறுக்கவும் இல்ல." ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "அவரு கண்ணுல பட்டிருந்தா விட்டிருக்க மாட்டாரு. படல. அவ்வளவு முடியாத மனுஷன்கிட்ட வேலை வாங்கினது என் தப்புன்னு வேணா சொல்லலாம். அதச் சீட்டுல போட முடியாதே."

பெரிய எழுத்து மூலப்படியை என்னிடம் கொடுத்தார். பழைய புத்தகத்தைத் தாம் எடுத்துக்கொண்டார். கணினியிலேயே ஒத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "காதுல விழணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினார்.

என் கையிலிருந்த தாள்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. கேட்டு ஒத்துப் பார்த்ததற்கு அடையாளமாக அவர் கணவர் வைத்தது. போகப் போகப் புள்ளிகள் நடுங்கின, கோடாக இழுபட்டன. ஆனால் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. கவனமில்லாதவர் வைத்த புள்ளிகளாக அவை எனக்குப் படவில்லை.

முகவரிக் கணக்கு வந்தது.

"...ஆகவே இந்தப் பிரிவில் இணைக்கக்கூடிய கணினிகள் அறுபத்திரண்டு, முற்றுப்புள்ளி."

மூலப்படியில் பார்த்தேன். 62. "சரி மேடம்" என்றேன். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நானும் கூடவே போனேன். இரண்டு வரி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அச்சில் 64 என்று கண்டுபிடித்துச் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்ததே நான்தான். அப்படியானால் எதற்குச் 'சரி' என்றேன்?

"மேடம், அந்த வரிய இன்னொரு தடவ படிங்க."

படித்தார். மறுபடியும் அறுபத்திரண்டு.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"அறுபத்திரண்டுதான்பா. இதோ..." விரலை எண்ணின் மேல் வைத்தார். விரலை எடுத்தார், பார்த்தார், மறுபடி வைத்தார்.

"நான்தானா?" என்றார்.

தெரிந்தவர் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, விஷயத்தைப் பார்க்கிறது. அவருக்கு அது அறுபத்திரண்டு என்று தெரியும். அதனால் அறுபத்திரண்டு என்று படித்தார். படுக்கையில் இருந்தவர் காதில் விழுந்தது அறுபத்திரண்டு. மடியில் இருந்ததும் அதுவே. அவர் புள்ளி வைத்தார். அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

மற்றப் பிழைகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலான இடங்களில் அவர் வாய் அதே வேலையைச் செய்தது. அம்புக்குறி மட்டும் அவர் போட்ட படத்திலேயே தலைகீழ்.

"இத்தனை நாளும் அவரு கோட்டை விட்டுட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி. வெளியே சொல்லல. மனசுல நெனச்சேன்ல."

அந்தப் பென்சில் புள்ளிகளை வருடிக்கொண்டே இருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் டீச்சர் பதிப்பகத்தில் தாம் எழுதிய திருத்தச் சீட்டை நீட்டினார். பதிப்பாளர் படித்தார்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கறீங்களே மேடம்! ஆயுசுக்கும் எழுதினது ஒரு புத்தகம். பட்டியல்ல இருந்து தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்."

"யாருக்கும் தெரியாத விஷயம் இது. அவரா வந்து கேக்கப் போறாரு?"

"வரமாட்டாரு. அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு. அவர் பேரு இருக்கற இடத்துலயே இருக்கட்டும் சார்."

பதிப்பாளர் கெட்டவரில்லை. சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சொன்னதுபோலவே பிற்பாடு நடந்தது. புத்தகம் பாடநூல் பட்டியலிலிருந்து இறங்கி, விரும்பினால் படிக்கலாம் என்ற வரிசைக்குப் போனது.

சீட்டு அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு வந்த அன்று, அப்பா கண்ணாடி மாற்ற ஊரிலிருந்து வந்திருந்தார். மார்க் போட்ட புத்தகத்தின் சொந்தக்காரரைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன்."

"அது போதும்" என்று சொல்லி, ஜன்னலோரக் கைவைத்த நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். நாற்காலி ஆடவில்லை.

அச்சுத்தாளைப் புதுக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். டீச்சர் தாம் எழுதிய தாளோடு ஒத்துப் பார்த்தார்.

"அறு-பத்து-நான்கு என்பதை... அறு-பத்தி-ரண்டு என்று திருத்திக்கொள்க. மூலப்படி-யில் இது சரியாக இருந்தது. மெய்ப்பை உரக்கப் படித்த நான்... அச்சில் இருந்ததைப் படிக்காமல்... எனக்குத் தெரிந்ததைப் படித்தேன். ஒத்துப் பார்த்தவர்... கேட்டதைச் சரியாகவே குறித்தார்... நூலாசிரியர்."

"'குறித்தார்' பக்கத்துல முற்றுப்புள்ளி இருக்காய்யா?"

நானும் பதிப்பாளரும் முன்பே பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட தாள் அது. அப்பா குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

டீச்சர் தாளை வாங்கி, 'குறித்தார்' என்பதன் பக்கத்தில் பென்சிலால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.